ஒப்பந்தப்புள்ளி மேசையில் ஒரு பொறியாளர்

(சுந்தரபாண்டியபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது அறக்கட்டளை நிர்வாகிகள் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்கள். பிளஸ் டூ முடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு உதவும்படியாகப் பேச வேண்டும் என்றார்கள். மருத்துவக் கருவிகளோடு வேலை பார்த்தவன் நான். ஆகவே பயோமெடிக்கல் என்று சொல்லப்படும் உயிர்மருத்துவப் பொறியியலைப் பற்றிப் பேசுகிறேன். கல்லூரி விளக்கக் கையேட்டில் இல்லாத ஒரு பக்கத்தைப் பேசப் போகிறேன்.

பயோமெடிக்கல் படித்தால் என்ன வேலை என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று, கருவி விற்கும் கம்பெனியில் விற்பனை அல்லது சர்வீஸ் வேலை இன்னொன்று. இரண்டும் கண்ணியமான வேலைகள், இரண்டிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் ஓர் ஏழை நோயாளிக்கு ஒரு கருவி கிடைக்குமா, கிடைத்தால் வேலை செய்யுமா, வேலை செய்தால் சரியான எண்ணைக் காட்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் அரசு அலுவலகக் கோப்புகளில்தான் எழுதப்படுகிறது. அந்தக் கோப்பை எழுதும் மேசையில் பொறியாளர் இருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. எல்லை மாறிய பிறகும் நம் பகுதி மக்கள் பெரிய நோய் என்றால் ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. இதய நோய்க்கு அவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். 1976-இல் மருத்துவ மையமாகத் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் மருத்துவமனை ஓரிடத்தில் இருக்கிறது. பொறியாளர்கள் வேலை செய்யும் பிரிவு பூஜப்புரையில், திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த அரண்மனையில் இருக்கிறது. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் அதன் முதல் இயக்குநர்.

அந்த நாளில் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் பலருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். நெருக்கமான வீடு, தாமதமான சிகிச்சை, இவை உள்ள இடத்தில்தான் அந்த நோய் அதிகம். கெட்ட வால்வை மாற்றச் செயற்கை வால்வு வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையோ நோயாளியின் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது. வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் அவர்களுடைய குழுவும் இங்கேயே ஒரு வால்வைச் செய்வது என்று இறங்கினார்கள்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒரு மாதிரியில், மிகவும் கடினமானது என்று நம்பித் தேர்ந்தெடுத்த நீலக்கல் படிகத் தட்டே உடைந்தது. நான்காவது மாதிரியில் கூண்டுக்கு ஹேய்ன்ஸ் 25 என்னும் உலோகக் கலவையையும், திறந்து மூடும் தட்டுக்கு மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனையும் எடுத்தார்கள். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறையும் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும், தேயக் கூடாது, இரத்தம் அதில் உறையக் கூடாது. ஆய்வகத்தில் இயந்திரத்தில் வைத்துக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடிப் பார்த்து, பிறகு ஆடுகளில் பொருத்திப் பார்த்து, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பல மருத்துவமனைகளில் சோதனை முடிந்து, 1995-இலிருந்து டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இன்று வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் பொதுவாக இந்தியாவின் சொந்த வால்வு என்று பெருமைப்பட்டு முடித்துவிடும். பெருமைப்பட வேண்டியதுதான். அதைவிட நான் மதிப்பது ஒன்று உண்டு. அவர்கள் வால்வைச் செய்துகொண்டிருந்த 1980-களில், உடலுக்குள் வைக்கும் ஒரு கருவியைச் சோதித்து உரிமம் கொடுக்க நம் நாட்டில் ஒழுங்கான சட்டமுறையே இல்லை. இதய வால்வு, ஸ்டென்ட், செயற்கைக் கண்வில்லை முதலிய சில கருவிகள் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்தது 2005-இல். மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017-இல் எழுதப்பட்டன. எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது 2020 ஏப்ரல் 1 முதல்தான். கேட்பதற்குச் சட்டம் இல்லாத காலத்தில், எத்தனை முறை சோதித்தால் போதும், எந்தத் தோல்வி கண்டால் நிறுத்த வேண்டும் என்பதைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டு, மூன்று முறை நிறுத்தினார்கள். பொறியாளர் ஒருவர் பொதுநலத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, சில நேரங்களில், "இது இன்னும் தயாராகவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுவது.

அதே நிறுவனத்தில் பிறந்த இன்னொரு பொருள் இரத்தப் பை. இரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்த காலம் இங்கே பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த சி. பாலகோபால் என்பவர் சித்திரை நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கித் திருவனந்தபுரத்தில் 1980-களில் பெனின்சுலா பாலிமர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது டெருமோ பென்பால் ஆகி, இரத்தப் பை செய்யும் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஆய்வகம் கண்டுபிடித்ததை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்க, அரசு எப்படி வாங்கும், எப்படித் தாமதிக்கும் என்று தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார் என்பதையும் கவனியுங்கள்.

இனி மதுரை. இந்த அரங்கில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி தெரியும். கண்புரை அறுவை முடிந்த தாத்தாக்களும் பாட்டிகளும் தடித்த கண்ணாடியை நூல் கட்டி மாட்டிக்கொண்டு நடந்த காலம் அது. கெட்டுப்போன வில்லையை எடுத்துவிடுவார்கள், அதன் இடத்தில் வேறு வில்லை வைக்க மாட்டார்கள், வில்லை செய்யும் வேலையை மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடி செய்ய வேண்டும். கண்ணாடி உடைந்தால் பார்வை போயிற்று. செயற்கை வில்லை அப்போதே உலகில் இருந்தது. ஆனால் ஒரு வில்லை நூறு டாலர் அளவில் இருந்ததால், ஏழை நாடுகளுக்கு அது ஒத்துவராது என்று பெரிய நிபுணர்களே சொல்லிவந்தார்கள்.

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை செய்தவர். நம் திருநெல்வேலிக்கு அரவிந்த் 1988-இல் வந்தது. விலை ஒத்துவராது என்ற வாதத்துக்கு அவர்கள் 1992-இல் பதில் சொன்னார்கள். ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே நிறுவி, வில்லையைத் தாங்களே செய்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார். விலை பத்து டாலருக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூறுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லைகள் போகின்றன.

விலை இறங்கியது பாதிக் கதைதான். 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் ஏழு மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்தது, தமிழ்நாடும் அதில் ஒன்று. அரசு முகாம் நோயாளிகளுக்கும் வில்லை வைக்கும் அறுவை பரவலானது அந்தக் காலத்தில்தான். உள்நாட்டில் மலிவாகவும் தரமாகவும் வில்லை கிடைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கொள்கைக்குக் கருவூலம் ஒத்துழைத்திருக்காது. கொள்கை இல்லாமல் இருந்திருந்தால், மதுரை வில்லை பணம் கொடுப்பவர் கண்ணுக்கு மட்டுமே போயிருக்கும். இரண்டும் ஒரே பத்தாண்டில் சந்தித்ததால்தான் நம் தெருக்களில் சோடாபுட்டிக் கண்ணாடி காணாமல் போனது.

இப்போது நான் அதிகம் பழகிய பகுதிக்கு வருகிறேன். அரசு ஒரு கருவியை எப்படி வாங்குகிறது?

தமிழ்நாட்டில் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில், வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் அமைப்பு அது. பின்னர் கருவிகள் வாங்குவதும், சி.டி. ஸ்கேன் மையங்கள் நடத்துவதும் அதன் பொறுப்புக்கு வந்தன. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன அமைப்பு என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஒப்பந்தப்புள்ளியில் உயிர்நாடி, ஸ்பெசிஃபிகேஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்த விவரக்குறிப்பு. நான்கைந்து பக்கம் இருக்கும். அதில் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரத்தப் பரிசோதனைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் எந்த நிறுவனத்தின் வேதிக்கரைசலையும் பயன்படுத்தலாம். சில கருவிகள் அதே கம்பெனியின் கரைசலை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது வகைக் கருவியைக் கம்பெனி மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்கும், இலவசமாகவே கொடுப்பதும் உண்டு. குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்பது விதி. அலுவலகம் மனசாட்சியோடு விதிப்படி வாங்கும். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கு அந்தக் கம்பெனி சொன்ன விலைக்குக் கரைசல் வாங்கியாக வேண்டும். கரைசலுக்குப் பணம் தீர்ந்த மாதத்தில் கருவிக்கு உறை போட்டு வைப்பார்கள், நோயாளியை வெளி லேபுக்கு அனுப்புவார்கள்.

இதில் யாரும் திருடவில்லை. விவரக்குறிப்பு எழுதும்போது, "விலை என்றால் கருவியின் விலை மட்டுமா, பத்து ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவா?" என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவர் அறையில் இல்லை. கரைசல், உதிரிபாகம், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்து விலைப்புள்ளி கேட்டால், முதலில் மலிவாகத் தெரிந்த கருவி கடைசி இடத்துக்குப் போய்விடும். பொறியியல் படித்து, கணக்கும் கொஞ்சம் சட்டமும் தெரிந்தவர் ஒருவர் அரைப் பக்கத்தில் எழுதக்கூடிய நிபந்தனை இது.

நம் பகுதிக்கே உரிய வரிகளும் உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுண்ணோக்கியின் கண்ணாடி வில்லையில் அந்த ஈரத்தில் பூஞ்சை படரும். காசநோய்க் கிருமியைத் தேடும் ஆய்வக நுட்புநருக்கு மங்கலாகத் தெரியும், கிருமி இல்லை என்று எழுதிவிடுவார். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டி ஒன்று அதைத் தடுக்கும். பூஞ்சை எதிர்ப்புப் பூச்சு உள்ள வில்லை வேண்டும் என்று விவரக்குறிப்பில் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அழுத்தச் சீராக்கி சேர்த்து வாங்க வேண்டும் என்பதும் ஒரு வரிதான். ஐரோப்பாவின் குளிரூட்டிய அறையில் வடிவமைத்த கருவியை வாங்குகிறவர் தென்காசி மாவட்டத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

கருவிகள் எத்தனை சும்மா கிடக்கின்றன என்பதற்கு எண்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மால்கினும் லோரா பெர்ரியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வளம் குறைந்த 16 நாடுகளில் 1,12,040 கருவிகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். நூற்றுக்கு 38-க்கு மேல் வேலை செய்யவில்லை. நம் நாட்டில் தேசிய சுகாதார இயக்கம் மாநிலவாரியாகக் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 13 முதல் 34 வரை கருவிகள் செயலிழந்து கிடந்தன. அந்தக் கணக்கெடுப்பின் விளைவாக 2015-இல் மருத்துவக் கருவிகளின் பராமரிப்புக்கென்று தேசியத் திட்டம் வந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் நூற்றுக்கு 95 பங்கு நேரம் இயங்க வேண்டும், சமுதாய சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 என்று இலக்கு வைத்தார்கள். முதலில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் ஒட்டி, பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியலை எடுத்தவர்களில் இளம் பயோமெடிக்கல் பொறியாளர்கள் பலர் இருந்தார்கள். பட்டியல் எடுக்கும் வேலையை யாரும் புகழ்ந்து எழுதுவதில்லை. எனக்கு அது வால்வு செய்த வேலைக்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டியதாகத் தோன்றுகிறது. எங்கே என்ன இருக்கிறது, எது ஓடவில்லை என்று தெரியாத அரசு மேலும் மேலும் புதிதாக வாங்கிக்கொண்டே போகும்.

ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான இன்குபேட்டர் ஒன்று, சில நூறு ரூபாய் பெறுமான வெப்ப உணரி இல்லாமல் மாதக்கணக்கில் மூலையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உதிரிபாகம் வாங்கும் அதிகாரம் யாருக்கு என்று கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

பச்சிளங்குழந்தை என்றதும் சென்னை நிறுவனம் ஒன்றின் நினைவு வருகிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினால் மூளை பாதிக்கும். நீல ஒளியில் படுக்க வைத்தால் இறங்கிவிடும். மருந்தில்லாத மருத்துவம். ஆனால் பல அரசு மருத்துவமனைகளில் அந்த விளக்கின் குழல்கள் எரிந்துபோன பின், கடையில் கிடைத்த சாதாரண வெள்ளைக் குழலை மாட்டிவைத்திருந்தார்கள். பார்வைக்கு விளக்கு எரியும், குழந்தைக்குப் பயனில்லை. டி-ரெவ் என்ற அமெரிக்க அமைப்பு இதை நேரில் பார்த்து, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் எல்.இ.டி. விளக்கை வடிவமைத்தது. பிரில்லியன்ஸ் என்று பெயர். அதைத் தயாரித்து 2012-இலிருந்து சந்தைக்குக் கொண்டுவந்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். இங்கே எனக்குப் பிடித்த பகுதி அந்த உரிம ஒப்பந்தம். பெரிய தனியார் மருத்துவமனைக்கு விற்பதைவிட அரசு, மாவட்ட மருத்துவமனைகளுக்கு விற்பதைத் தயாரிப்பாளருக்கு ஆதாயமாக்கும் விதத்தில் உரிமத் தொகையை வகுத்திருந்தார்கள். விளக்கைப் போலவே ஒப்பந்தத்தையும் ஏழைக் குழந்தையை மனத்தில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள்.

அடுத்தது எண் சரியா என்ற கேள்வி. கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டரை எல்லோரும் அறிவீர்கள். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட தத்துவம் அது. விரலில் ஒளியைப் பாய்ச்சி, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணிக்கும். ஒளி தோலைத் தாண்டித்தான் போக வேண்டும், தோலில் நிறமி இருக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. இப்படியொரு குறை உண்டு என்ற ஐயம் பல ஆண்டுகளாகவே ஆய்வேடுகளில் இருந்தது. அனுமதிக்கு வேண்டிய சோதனையில் கருமை நிறத் தோலுடையவர்கள் மிகச் சிலர் இருந்தாலே போதும் என்ற நிலை இருந்தது. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வழிகாட்டுதலை மாற்றுவதற்கான வரைவை 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது. வெயிலில் வயல் வேலை செய்யும் நம் மக்களின் தோலில் இந்தக் கருவிகள் எவ்வளவு சரியாக அளக்கின்றன என்பதை நாம்தான் அளந்து, நம் தரநிர்ணயத்தில் எழுத வேண்டும். அதற்கு மருத்துவர் தனியாகப் போதாது, பொறியாளரும் தனியாகப் போதாது.

விலைக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இதய அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் 2016-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. தொழிற்சாலை வாசலில் என்ன விலை, கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்குப் போட்டு வெளியிட்ட பிறகுதான் அந்த முடிவு நின்றது. விலையைக் கட்டினால் புதிய தொழில்நுட்பம் வராது என்று எதிர்ப்பு இருந்தது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு, உண்மையிலேயே மேம்பட்ட ஒரு கருவியைப் பழையதோடு ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது. எது மேம்பட்டது, எது பெயர் மட்டும் புதிது என்று பிரித்துச் சொல்ல உலோகமும் பாலிமரும் படித்தவர் வேண்டும்.

பெற்றோர்கள் நேரடியாகக் கேட்பீர்கள், இதற்கெல்லாம் வேலை எங்கே இருக்கிறது என்று. இருக்கிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தி ஆய்வு செய்யும் பணி இருக்கிறது. டெல்லியின் தேசிய சுகாதார அமைப்புகள் வள மையத்தில் மருத்துவத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஒரு புதிய கருவிக்கு அரசு பணம் செலவிடலாமா என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு 2017 முதல் நடக்கிறது. அதன் மண்டல மையங்களில் ஒன்று நான் சொன்ன சித்திரை நிறுவனத்திலேயே இருக்கிறது. மாநிலங்களின் மருத்துவப் பணிகள் கழகங்கள் இருக்கின்றன. நாடு கடந்து போக விரும்பினால், ஏழை நாடுகளுக்குக் கருவி வாங்கி அனுப்பும் யுனிசெஃப்பின் கொள்முதல் பிரிவு கோபன்ஹேகனில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் உயிர்மருத்துவப் பொறியாளர்களின் பங்கைப் பற்றியே ஒரு முழு நூலை வெளியிட்டது.

படிப்புக்கும் வழி சொல்கிறேன். கிண்டி பொறியியல் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் பட்டப்படிப்பு இருக்கிறது, வேறு பல கல்லூரிகளிலும் இருக்கிறது. சேரும் முன் அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் பெரிய மருத்துவமனையோடு தொடர்பு உண்டா என்று மட்டும் விசாரியுங்கள். நோயாளியைப் பார்க்காமல் இந்தப் படிப்பு வராது. மேற்படிப்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., சித்திரை நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவமனைப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. கொள்கை பக்கம் போக வேண்டுமென்றால் பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு உதவும். நாட்டில் முதன்முதலாக அதை 1997-இல் தொடங்கியது சித்திரை நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். வால்வு செய்த பொறியாளரும், அறுவை செய்த மருத்துவரும், ஊர்மக்களின் நோயைக் கணக்கெடுத்த ஆய்வாளரும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். நம் ஊரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கே போய்ச் சேரலாம்.

சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். இந்த வேலைகளில் தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு. ஒப்பந்த அடிப்படையிலான பணிகள் அதிகம், சில இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பொறியாளர் பணியிடங்கள் இன்னும் பெருக வேண்டும், இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்கள் மகள் பிரசவ அறைக்குள் போகலாம், செவிலியரோடு பேசலாம், எந்தக் கருவியை அவர்கள் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைக்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு வரலாம். ஆண்களிடம் அவர்கள் சொல்லாததைச் சொல்வார்கள். இந்தத் துறைக்கு அது பெரிய பலம்.

நல்ல வேலை செய்ய ஊரை விட்டுப் போயே ஆக வேண்டும் என்ற எண்ணத்தைப் பக்கத்து மத்தளம்பாறையில் சோகோ மென்பொருள் நிறுவனம் மாற்றிக் காட்டியிருக்கிறது. மென்பொருளுக்கு முடிந்தது மருத்துவக் கருவிக்கு ஏன் முடியாது? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. புதிய மாவட்டத்தின் நன்மை, பழக்கங்கள் இன்னும் இறுகவில்லை என்பது.

நிறைவாக அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு, ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு ஒரு சிறு உதவித்தொகையையும் ஏற்படுத்துங்கள். பயோமெடிக்கல் படிக்கும் நம் பகுதிப் பிள்ளை ஒருவர் கோடை விடுமுறையில், மாவட்ட சுகாதார அலுவலரின் அனுமதியோடு, சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய், ஓடாத கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஏன் ஓடவில்லை, சரிசெய்ய என்ன ஆகும் என்று எழுதட்டும். அந்த அறிக்கையை ஆட்சியருக்கும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் அனுப்புங்கள், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவில் இதே மேடையில் அவரே படிக்கட்டும். முதல் ஆண்டு அறிக்கையைத் திருத்திச் செம்மையாக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். செலவில் ஒரு பகுதியையும் நானே தருகிறேன். வரும் கோடையிலேயே தொடங்குங்கள்.